கடல்மேல் பலூன் விடுவது யார்?

ஹைதராபாத் பேகம்பேட் விமான நிலையத்திலிருந்து பயணிகள் விமானங்கள் இப்போது கிளம்புவதில்லை. 2008-இல் அவை ஷம்ஷாபாத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டன. ஆனால் பேகம்பேட்டிலிருந்து வானேறுகிற ஒன்று இன்னும் உண்டு. பொழுது புலரும் வேளையில் அங்குள்ள வானிலை ஆய்வு மையத்தில் ஒரு பெரிய ரப்பர் பலூனுக்குள் ஹைட்ரஜன் நிரப்புவார்கள். ஆள் உயரத்துக்கு உப்பி, பிடியை உதறிக்கொண்டு போகத் துடிக்கும். அதன் அடியில் நீண்ட நூல். நூலின் நுனியில் கையில் அடங்கும் ஒரு சிறு பெட்டி. பிடியை விட்டதும் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஏறத் தொடங்கும். சில நிமிடங்களில் வெண்புள்ளியாகிக் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

அந்தப் பெட்டிக்கு ரேடியோசோண்ட் என்று பெயர். போகும் வழியெல்லாம் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றையும் அளந்து ரேடியோ வழியே கீழே சொல்லிக்கொண்டே போகும். பலூன் எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் ஒதுங்கியது என்பதிலிருந்து ஒவ்வோர் உயரத்திலும் காற்றின் திசையும் வேகமும் கிடைத்துவிடும். வெயிலுக்குப் பேர்போன தக்காணத்தின் தலைக்கு மேலே 16, 17 கி.மீ. உயரத்தில், உறைநிலைக்குக் கீழே 75 டிகிரிக்கும் அதிகமான குளிர் இருக்கிறது என்பதை இந்தப் பெட்டி நேரில் போய்ப் பார்த்துச் சொல்கிறது. 30 கி.மீ. அளவில், சுற்றிலும் அழுத்தம் ஏறக்குறைய இல்லாத நிலையில், பலூன் ஓர் அறையின் அளவுக்கு விரிந்து வெடிக்கும். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமான வாழ்க்கை அதற்கு.

உலக வானிலைப் பதிவேட்டில் இந்த இடத்தின் எண் 43128. இங்கே காலை 5:30 மணிக் கணக்குக்காகப் பலூன் ஏறும் அதே வேளையில் சென்னையிலும், மச்சிலிப்பட்டினத்திலும், விசாகப்பட்டினத்திலும், உலகெங்கும் நூற்றுக்கணக்கான இடங்களிலும் இப்படியே பலூன்கள் ஏறுகின்றன. நாளைய வானிலையைக் கணக்கிட இன்றைய வானத்தின் நிலை தெரிந்தாக வேண்டும் என்பதால்தான் இந்த ஏற்பாடு.

ஆனால் பேகம்பேட் பலூன் அறிவது ஹைதராபாத்துக்கு மேலுள்ள காற்றின் ஒரே ஒரு மெல்லிய இழையைத்தான். புயல் பிறப்பதோ வங்கக் கடலில். 20 லட்சம் சதுர கி.மீ.க்கு மேல் விரிந்து கிடக்கும் அந்த நீர்ப்பரப்பில் காலைதோறும் பலூன் விட யார் இருக்கிறார்கள்? கப்பல்கள் முன்பெல்லாம் ஓரளவு தகவல் தந்தன. ஆனால் புயலின் வாடை பட்டதும் கப்பல் விலகி ஓடும், ஓடத்தான் வேண்டும். ஆகவே எந்த இடத்தில் தகவல் அதிகம் தேவையோ அந்த இடத்தில்தான் தகவலே இல்லாமல் போனது. அட்லாண்டிக் கடலில் அமெரிக்கர்கள் புயலுக்குள்ளேயே விமானத்தை ஓட்டி அளக்கிறார்கள். வங்கக் கடலில் அந்த வழக்கம் இல்லை.

இந்தக் குருட்டுப் பரப்பின் விலை என்ன என்பதை ஹைதராபாத் நன்றாக அறியும். 1908 செப்டம்பர் 28 அன்று மூசி நதி ஊருக்குள் புகுந்தது. வங்கக் கடலிலிருந்து உள்நாட்டுக்குள் நகர்ந்து வந்த சுழற்சி கொட்டிய மழை அது. 15,000 பேர் வரை மாண்டதாகச் சொல்லப்படுகிறது. ஒரு புளியமரத்தின் கிளைகளைப் பற்றிக்கொண்டு 150 பேர் உயிர் பிழைத்தார்கள். உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் நிற்கும் அந்த மரத்தை ஹைதராபாத் மக்கள் இன்றும் நன்றியோடு பேசுகிறார்கள். வெள்ளத்துக்குப் பின் பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவை அழைத்தார்கள். உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் நீர்த்தேக்கங்கள் எழுந்தன. வந்த வெள்ளத்தைத் தேக்க வழி பிறந்துவிட்டது. வரப்போகும் புயலைக் கடலிலேயே காண்பதற்கு இன்னும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

1960 ஏப்ரல் 1 அன்று டைரோஸ்-1 என்ற முதல் வானிலைச் செயற்கைக்கோளை அமெரிக்கா ஏவியது. சில நாட்களிலேயே அது ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, நிலத்திலிருந்து எவரும் கண்டிராத ஒரு புயலைப் படம்பிடித்து அனுப்பியது. பூமிக்கு மேலே கண் வைத்தால் கடலுக்கு ஒளிவிடம் இல்லை என்பது அன்று தெளிவாயிற்று. 1983-இல் இன்சாட்-1பி ஏறியதும் நமக்கென்று அப்படியொரு கண் கிடைத்தது. 36,000 கி.மீ. உயரத்தில், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுவதால், அது நம் தலைக்கு மேலே அசையாமல் நிற்பதுபோல் இருக்கும். அதன் வழித்தோன்றல்களான இன்சாட்-3டி 2013-லும், 3டிஆர் 2016-லும், 3டிஎஸ் 2024-லும் ஏவப்பட்டன. ஒவ்வொன்றும் அரை மணிக்கு ஒரு படம் எடுக்கும். இரண்டை முறைவைத்து இயக்கினால் கால் மணிக்கு ஒரு படம்.

இரவிலும் படம் வருகிறதே, எப்படி? அடுப்பில் காயும் தோசைக்கல்லின் மேல் கையைச் சற்று உயர்த்திப் பிடித்தால், தொடாமலே சூடு தெரிகிறதல்லவா? கல் அகச்சிவப்புக் கதிரை வீசுகிறது. கை அதை உணர்கிறது. செயற்கைக்கோளும் அப்படித்தான் பூமியின் சூட்டை உணர்கிறது. கடல் வெதுவெதுப்பாகத் தெரியும். உயரமான மேகத்தின் உச்சி மிகவும் குளிர்ந்து தெரியும். எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு உயரம். எவ்வளவு உயரமோ அவ்வளவு வேகமாக உள்ளே காற்று மேலேறுகிறது என்று பொருள். உறைநிலைக்குக் கீழே 75 டிகிரி என்றால் எத்தனை கி.மீ. உயரம்? அந்தக் கணக்குக்கு அடிப்படை, பலூன்கள் ஏறி அளந்து வந்த எண்கள்தான்.

இந்தப் படங்களைப் பார்த்துப் புயலின் பலத்தைச் சொல்லும் முறையை அமெரிக்க வானிலையாளர் வெர்னன் டுவொராக் 1970-களில் வகுத்தார். வைத்தியர் நாடி பிடிப்பதுபோன்ற கலை அது. மேகப் பட்டைகள் நடுவை எத்தனை சுற்றுச் சுற்றியிருக்கின்றன, நடுவில் கண் திறந்திருக்கிறதா, கண்ணுக்குள் எவ்வளவு சூடு, சுற்றியுள்ள வளையத்தில் எவ்வளவு குளிர் என்று பார்த்து 1 முதல் 8 வரை ஓர் எண் தருவார்கள். 2.5 வந்தால் அது புயல், பெயர் சூட்டிவிடலாம். 8 என்றால் மணிக்கு 300 கி.மீ.யையும் தாண்டிய காற்று. புயலுக்குள் ஒருவரும் போகாமல், மேகத்தின் முகத்தைப் பார்த்தே சொல்லும் இந்த முறை அரை நூற்றாண்டாக வங்கக் கடலின் புயல்களை எடைபோட்டு வருகிறது.

ஆனால் மேகத்தின் முகம் சில நேரம் ஏமாற்றும். கல்யாண வீட்டை எதிர்வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பந்தலின் மேல்துணிதான் தெரியும். கீழே பந்தி நடக்கிறதா, தாலி கட்டி முடிந்துவிட்டதா என்று தெரியாது. புயலின் மேலே பரவும் வெண்மேகமும் அப்படி ஒரு பந்தல். அதற்கடியில் கண் உருவாகிக்கொண்டிருக்கலாம். மழைச்சுவர் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கலாம். அகச்சிவப்புப் படம் அதைக் காட்டாது.

பந்தல் துணியை ஊடுருவிப் பார்ப்பவை நுண்ணலைகள். மேலே பரவிய மெல்லிய மேகம் அவற்றுக்கு ஒரு தடையே இல்லை. உள்ளே கிடக்கும் மழைத்துளியும் பனிக்கட்டியும் மட்டுமே அவற்றைத் தடுத்துச் சிதறடிக்கும். ஆகவே மழை எங்கே வளையமாகத் திரண்டிருக்கிறது என்பது அப்படியே படமாக விழும். இதற்காகவே இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து 2011 அக்டோபர் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மேகா-ட்ராபிக்ஸ் என்ற செயற்கைக்கோளை ஏவின. அதிலிருந்த ஒரு கருவியின் பெயரைக் கேட்டால் தமிழருக்குப் புன்னகை வரும்: மெட்ராஸ். நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தபோது அமைந்த பெயர் அது. இன்னொரு கருவி சஃபீர். பிரெஞ்சு மொழியில் நீலக்கல்.

மெட்ராஸ் 2013-இன் தொடக்கத்திலேயே ஓய்ந்துவிட்டது. நீலக்கல் அதன்பின்னும் பல ஆண்டுகள் உழைத்தது. நீராவி ஓர் அலைவரிசையைக் குறிப்பாக உறிஞ்சும். அந்த அலைவரிசையின் நட்ட நடுவில் கேட்டால் மேலடுக்கின் ஈரம் மட்டும் தெரியும். சற்று விலகிக் கேட்டால் இன்னும் கீழே உள்ள அடுக்கு தெரியும். சஃபீர் இப்படி ஆறு இடங்களில் காது வைத்து, தரையோரக் காற்றிலிருந்து 12 கி.மீ. உயரம்வரை ஈரத்தை அடுக்கடுக்காகச் சொன்னது. பேகம்பேட் பலூன் ஓர் இழையில் செய்யும் வேலையை அது கடல் முழுவதற்கும் செய்தது. வழக்கமாக இத்தகைய செயற்கைக்கோள்கள் துருவத்திலிருந்து துருவம் சுற்றும். மேகா-ட்ராபிக்ஸ் பூமத்திய ரேகையையொட்டி, 20 டிகிரி சாய்வில் சுற்றியது. அதனால் நம் கடல்களை ஒரே நாளில் பலமுறை பார்க்க அதற்கு வாய்த்தது. புயலுக்கு ஈரமே உணவு. பக்கத்தில் வறண்ட காற்று இருக்கிறதா, ஈரக் காற்று இருக்கிறதா என்பதை வைத்தே அது வளருமா, வாடுமா என்று சொல்ல முடியும். 2023 மார்ச் 7 அன்று மேகா-ட்ராபிக்ஸைக் கீழிறக்கி, பசிபிக் கடலின் மேல் எரிந்து போகச் செய்தார்கள்.

மேகம் தெரிந்தது, மழை தெரிந்தது, ஈரம் தெரிந்தது. கடலை உரசி வீசும் காற்று? அதற்கு ஒரு குளக்கரைக்குப் போவோம். அசைவற்ற நீர் கண்ணாடிபோல் வானத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். சட்டென்று ஒரு காற்று வீசும். அது போகும் வழியெல்லாம் நீர் சிலிர்த்து, பளபளப்பு மங்கி, சொரசொரப்பாகும். காற்று கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதன் தடம் நீரில் தெரிகிறது. ஸ்கேட்டரோமீட்டர் என்னும் கருவி இதைத்தான் விண்ணிலிருந்து பார்க்கிறது. 2 சென்டிமீட்டர் அளவுள்ள ரேடார் அலைகளைக் கடல்மேல் பாய்ச்சும். அதே அளவுள்ள சிற்றலைகளில் பட்டு அவை திரும்பி வரும். கடல் சிலிர்க்கச் சிலிர்க்க, திரும்பி வருவதும் கூடும். ஒரே இடத்தை வெவ்வேறு கோணங்களில் பார்த்தால் காற்றின் திசையும் பிடிபடும்.

2009-இல் ஏவப்பட்ட நமது ஓஷன்சாட்-2 இந்தக் கருவியைச் சுமந்து சென்றது. 2012 அக்டோபரில் அமெரிக்கக் கரையை நோக்கிச் சாண்டி புயல் போனபோது, அதன் காற்றின் வரைபடத்தை அமெரிக்கர்களுக்குத் தந்த கண்களில் ஓஷன்சாட்-2-உம் ஒன்று. 2016-இல் ஸ்கேட்சாட்-1, 2022-இல் ஓஷன்சாட்-3 என்று அந்தப் பணி தொடர்ந்தது. இந்தத் தரவெல்லாம் இறங்கும் முக்கியமான இடம் ஹைதராபாத்துக்குத் தெற்கே ஷாத்நகரில், தேசியத் தொலையுணர்வு மையத்தின் பெரிய ஆன்டெனாக்கள் அண்ணாந்து நிற்கும் வளாகம்.

கடலுக்கு அடியிலும் ஒரு கதை இருக்கிறது. புயலுக்குச் சக்தி தருவது வெந்நீர். ஆனால் மேற்பரப்புச் சூடு மட்டும் போதாது. புயல் கடலைக் கலக்கும்போது கீழிருந்து குளிர்ந்த நீர் மேலே வந்தால், அதன் அடுப்பை அதுவே அணைத்துக்கொள்ளும். சூடான நீர் 50, 100 மீட்டர் ஆழம்வரை இருந்தால் எவ்வளவு கலக்கினாலும் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். ஆழத்துச் சூட்டை விண்ணிலிருந்து எப்படி அறிவது? சூடேறிய நீர் விரியும்; ஆகவே ஆழம்வரை சூடான கடல், பக்கத்துக் கடலைவிடச் சில சென்டிமீட்டர் மேடிட்டு நிற்கும். கடல்மட்டத்தை ரேடாரால் அளக்கும் செயற்கைக்கோள்கள் அந்த மேட்டைக் கண்டுபிடித்துவிடுகின்றன. ஹைதராபாத்தில் 1999-இல் தொடங்கிய இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் இதைக் கொண்டு கடலின் வெப்பச் சேமிப்பைக் கணக்கிட்டுத் தருகிறது.

அதே மையம் ஆர்கோ மிதவைகளின் தரவையும் சேகரிக்கிறது. பேகம்பேட் பலூனைத் தலைகீழாகக் கவிழ்த்தால் ஆர்கோ. உருளை வடிவக் கருவி ஒன்று 2,000 மீட்டர் ஆழம்வரை மூழ்கி, மேலேறி வரும்போது சூட்டையும் உப்பையும் அளந்து, நீருக்கு மேலே தலைநீட்டிச் செயற்கைக்கோளுக்குச் சொல்லிவிட்டு மறுபடியும் மூழ்கும். கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு கடலின் நாடியைப் பிடிக்கிறது ஹைதராபாத்.

இவ்வளவும் பார்த்தாயிற்று. இனிக் கணிப்பு வந்துவிடுமா? பார்ப்பது வேறு, கணிப்பது வேறு. ஆற்றில் சுழன்றுகொண்டே மிதந்து போகும் இலையை நினைத்துக்கொள்ளுங்கள். இலை எங்கே ஒதுங்கும் என்று சொல்ல இலையை மட்டும் பார்த்துப் பயனில்லை; ஆற்றின் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். புயலும் பெரும்பாலும் தன்னைச் சுற்றியுள்ள பெருங்காற்றோட்டத்தில் மிதந்து போகும் சுழல்தான். ஆகவே புயலைச் சுற்றி ஆயிரம் கி.மீ.க்கு அப்பால் உள்ள காற்றும் தெரிய வேண்டும். கால் மணி இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களில் ஒரே மேகத்துணுக்கு எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தே அந்தக் காற்றை அளந்துவிடுகிறார்கள்.

பிறகு இத்தனை தகவலையும் ஒன்றாகக் கோக்க வேண்டும். அதை ஒரு ரயிலை வைத்துச் சொல்லலாம். ஹைதராபாத்திலிருந்து சார்மினார் எக்ஸ்பிரஸில் அத்தை வருகிறார். அவரை அழைத்துவரச் சென்னையில் ரயில் நிலையத்துக்குக் கிளம்பவேண்டும். கால அட்டவணைப்படி வண்டி இந்நேரம் நெல்லூரில் இருக்க வேண்டும். அத்தை போனில், “இப்பதான்டா ஓங்கோல் தாண்டுச்சு போல இருக்கு” என்கிறார். தூக்கக் கலக்கத்தில் பலகையைத் தவறாகப் படித்திருக்கவும் கூடும். நாம் என்ன செய்வோம்? அட்டவணையையும் முழுக்க நம்ப மாட்டோம்; அத்தை சொன்னதையும் முழுக்க நம்ப மாட்டோம். எது எவ்வளவு நம்பத்தக்கது என்று எடைபோட்டு, வண்டி ஏறத்தாழ இங்கே இருக்கும் என்று ஒரு முடிவுக்கு வருவோம். அந்த இடத்திலிருந்து மீதிப் பயண நேரத்தைக் கணக்கிடுவோம்.

சூப்பர் கணினியும் இதையே செய்கிறது. சில மணி நேரத்துக்கு முன் அது போட்ட கணிப்புதான் கால அட்டவணை. செயற்கைக்கோள்களும் பலூன்களும் மிதவைகளும் அனுப்புவது அத்தையின் போன். லட்சக்கணக்கான அத்தைகள், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நம்பகத்தன்மை. எல்லாவற்றையும் எடைபோட்டு, “இந்த நொடியில் வளிமண்டலம் இப்படி இருக்கிறது” என்று முதலில் ஒரு படம் வரையும். பிறகுதான் நாளைக்குப் போகும். நாளையைப் பற்றிய பிழையில் பெரும்பகுதி, இன்றைப் பற்றிய அறியாமைதான். செயற்கைக்கோள்கள் எதிர்காலத்தைக் காட்டுவதில்லை. நிகழ்காலத்தின் வெற்றிடத்தை நிரப்புகின்றன. கணிப்பு மேம்பட்டதன் ரகசியம் அதில்தான் இருக்கிறது.

பலன் என்ன? இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், புயல் 24 மணி நேரம் கழித்து எங்கே இருக்கும் என்ற இந்தியக் கணிப்பு சராசரியாக 130 கி.மீ. அளவுக்குத் தவறியது. சென்னையா புதுச்சேரியா என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலை. அண்மை ஆண்டுகளில் அந்தப் பிழை 80 கி.மீ.க்குள் வந்துவிட்டது. அது சென்னைக்கும் மதுராந்தகத்துக்கும் உள்ள தூரம். எந்த மாவட்டத்தில் ஆட்களை வெளியேற்றுவது, எந்த மாவட்டத்தை அலைக்கழிக்காமல் விடுவது என்று ஆட்சியர் முடிவெடுக்க இந்தக் குறைவு பேருதவி.

1977 நவம்பர் 19 அன்று ஆந்திரக் கரையின் திவிசீமாவைக் கடல் ஏறி விழுங்கியபோது பத்தாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவில் மீண்டும் ஏறத்தாழ அத்தனை பேர். 2013 அக்டோபர் 12 அன்று அதே ஒடிசாவின் கோபால்பூர் அருகே பைலின் புயல் கரையைக் கடந்தது. மணிக்கு 200 கி.மீ. வேகத்தை எட்டிய காற்று. இன்சாட்-3டி ஏவப்பட்டு அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. நான்கு நாள் முன்பிருந்தே எச்சரிக்கை போனது. ஏறத்தாழ பத்து லட்சம் பேர் பாதுகாப்பான இடங்களுக்குப் போனார்கள். இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. புயல் பாதுகாப்புக் கட்டடங்களைக் கட்டியவர்கள், வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியவர்கள், சொல் கேட்டுக் கிளம்பியவர்கள் எல்லோருக்கும் அதில் பங்குண்டு. ஆனால் எந்தக் கதவை எப்போது தட்டுவது என்று சொல்ல, கடலைப் பார்த்த கண்கள் வேண்டியிருந்தன.

பாதை பிடிபட்ட அளவுக்குப் பலம் பிடிபடவில்லை. ஒரே நாளில் சாதாரணப் புயல் அதிதீவிரமாகப் பொங்கி எழுவதை முன்கூட்டிச் சொல்வது இன்னும் கடினம். மழை எந்த ஊரின் தலையில் விழும் என்பதும் அப்படியே. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று, அந்த ஊர் அதுவரை கண்டிராத மழையைக் கொட்டியது. 2020 அக்டோபர் 13 அன்று காக்கிநாடா அருகே கரையேறிய ஆழ்ந்த தாழ்வு மண்டலம் ஹைதராபாத்துக்கு வந்து சேர்ந்தது. பேகம்பேட்டில் ஒரே நாளில் 19 செ.மீ. மழை. 1908-இல் போலவே வங்கக் கடலிலிருந்து வந்த சுழற்சி. இம்முறை அது கடலில் உருவான நாளிலிருந்தே கண்கள் அதன்மேல் இருந்தன. ஆனாலும் ஏரிக்கும் ஓடைக்கும் இடம் விடாமல் வளர்ந்த நகரம் உயிர்களை இழந்தது. அதை எந்தச் செயற்கைக்கோளும் சரிசெய்ய முடியாது.

உலகின் பெரிய கணினி மாதிரிகளுக்குள் இன்று போகும் தரவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செயற்கைக்கோள்கள் தருபவை. அப்படியானால் பேகம்பேட்டில் இன்னும் எதற்குப் பலூன்? செயற்கைக்கோள் வெப்பத்தைத் தொட்டு அளப்பதில்லை. தொலைவிலிருந்து வரும் கதிர்வீச்சைப் பார்த்து, இவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடுகிறது. கருவிக்கு வயதாகும், அளவு மெல்ல மெல்லத் தவறும். அது சொல்வது சரியா என்று பார்க்கக் கடலில் வழியில்லை. ஆனால் அதே கருவி ஹைதராபாத்துக்கு மேலும், சென்னைக்கு மேலும், காரைக்காலுக்கு மேலும் பறக்கிறதே. அங்கே பலூன் நேரில் போய்த் தொட்டு அளந்த எண் இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்தால் தராசு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்தச் சாய்வைக் கழித்துவிட்டுக் கடலின் எண்களைப் படிக்கலாம்.

பேகம்பேட்டில் விடிகாலையில் பறக்கவிடப்படும் அந்தப் பலூன் எட்டு மணிக்குள் வெடித்து, அதன் பெட்டி எங்கோ ஒரு வயலில் விழுந்து கிடக்கும். வங்கக் கடலை அது ஒருநாளும் பார்க்காது. ஆனால் வங்கக் கடலின் நடுவே, கப்பல்கள் விலகி ஓடிய இடத்தில், ஒரு செயற்கைக்கோள் சொல்லும் எண்ணை நம்பி நாகப்பட்டினத்தில் படகுகளைக் கரையேற்றுகிறார்கள் என்றால், அந்த நம்பிக்கைக்குப் பின்னால் அதுவும் இருக்கிறது.